பூச்சி மாத்திரையும் சராசரிக் கணக்கும்

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நம் அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். சுற்றறிக்கையில் அதன் பெயர் தேசிய குடற்புழு நீக்க நாள். 2015இல் பதினொரு மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் தொடங்கியபோதே தமிழ்நாடும் அதில் இருந்தது. 1 வயதிலிருந்து 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பாதி மாத்திரை. அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள். நம் பாட்டிமார்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெயை வாயில் ஊற்றி மூக்கைப் பிடித்தார்களே, அதன் இடத்தில் இன்று இந்த மாத்திரை இருக்கிறது. விளக்கெண்ணெயோடு ஒப்பிட்டால் இது மிட்டாய்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் பெரியம்மா மகள் சொல்வாள், மாத்திரையைக் கொடுப்பது வேலையே இல்லை, மெல்ல வைப்பதுதான் வேலை என்று. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வரும் வித்தை நான்காம் வகுப்பிலேயே கைவந்துவிடுகிறதாம். "ஆ காட்டு" என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துத்தான் பெயருக்கு நேரே டிக் போடுவாள். ஒருமுறை போனில் கேட்டாள்: "தம்பி, நீதான் இந்த ஆராய்ச்சியெல்லாம் படிக்கிற ஆளாச்சே. இதைச் சாப்பிட்டா ரத்தசோகை குறையும், படிப்புல கவனம் வரும்னு போஸ்டர்ல போட்டிருக்காங்க. நெசமா?"

"போஸ்டர்ல போட்ட அளவுக்கு இல்லக்கா" என்றேன். "அப்ப எதுக்கு நான் எல்லார் வாயையும் திறந்து பாக்கறேன்?" என்றாள். நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நலத்திட்டங்களைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் வேலையில் நான் சில காலம் இருந்தேன். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பார்கள். இனி மீளாய்வு என்றே எழுதுகிறேன். பேர்தான் பெரிது, முக்கால்வாசி கிளார்க் வேலை. எந்த வயதுப் பிள்ளைகள், என்ன திட்டம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்று கேள்வியை முதலிலேயே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை வளைக்கக் கூடாது என்பதற்காக. அப்புறம் தேடினால் தலைப்புகள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஒருவர் என்ன முடிவெடுத்தார் என்று மற்றவருக்குத் தெரியாதபடி, இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர், விலக்கு, சந்தேகம் என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போகாத இடத்தில்தான் சுவாரசியமே. ஒரு ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது சேருமா சேராதா என்று எதிர் மேஜைத் தோழியோடு மதியம் முழுக்க வாதாடி, கடைசியில் மூன்றாவது ஆளிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். அந்த மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு மீளாய்வு வேதவாக்கு என்ற மயக்கம் வராது.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம், நல்ல எண்ணத்தில் செய்வதெல்லாம் நல்லதில் முடிவதில்லை என்பதுதான். அமெரிக்காவில் 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறைக்கு வழிதவறும் பையன்களைக் கூட்டிப் போய், ஆயுள் கைதிகளை விட்டுப் பயமுறுத்தும் திட்டம் ஒன்று வந்தது. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது, மாநிலத்துக்கு மாநிலம் காப்பியடித்தார்கள். ஆந்தனி பெட்ரோசினோவும் மற்றவர்களும் சேர்த்து எடுத்த 9 சோதனைகளில், சிறைக்குப் போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். பயன் இல்லை என்பதோடு நில்லாமல் கெடுதலும் செய்திருந்தது திட்டம். சமூகத் திட்டங்களுக்கான மீளாய்வுகளை வெளியிட 2000இல் தொடங்கிய கேம்பெல் கொலாபரேஷனின் ஆரம்பகால வெளியீடுகளில் இது பேர்போனது. ஒன்பது சிறிய ஆய்வுகளைத் தனித்தனியாகப் படித்தால் யாரும் ஒன்றும் சொல்லத் துணியமாட்டார்கள். அடுக்கி வைத்ததும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அது சுலபமான வழக்கு. பூச்சி மாத்திரை அப்படியில்லை.

கதை கென்யாவின் மேற்கே புசியா மாவட்டத்தில் தொடங்குகிறது. 1998இல் மைக்கேல் கிரெமர், எட்வர்ட் மிகேல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 75 தொடக்கப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, கட்டத்துக்கு 25 பள்ளி என்ற கணக்கில் அடுத்தடுத்து மாத்திரை கிடைக்கும்படி செய்தார்கள். பிள்ளைகள் 30,000க்கு மேல். அங்கே சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஏதோ ஒரு புழு இருந்தது. அது எல் நினோ வெள்ளம் வந்த காலம் வேறு. 2004இல் வந்த அவர்கள் கட்டுரை, பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது என்றது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பள்ளிகளுக்கும்கூடப் பலன் பரவியதாகச் சொன்னது. மண்ணில் விழும் முட்டை குறைந்தால் ஊருக்கே நல்லதுதானே. கூடுதலாக ஒரு ஆண்டுப் படிப்புக்கு ஆகும் செலவு மூன்றரை டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். அவர்கள் ஒப்பிட்ட மற்ற வழிகளைவிட இது மிக மலிவு. தேர்வு மதிப்பெண் ஏறவில்லை என்பதும் அதே கட்டுரையில்தான் இருந்தது. ஆனால் அந்த வரி கட்டுரையைவிட்டு அதிக தூரம் பயணம் போகவில்லை. மூன்றரை டாலர் மட்டும் உலகம் சுற்றியது. பின்னாளில் வறுமை ஒழிப்பில் களச்சோதனை முறைக்காகக் கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்னொரு பக்கம் லிவர்பூலில் பால் கார்னரும், டேவிட் டெய்லர்-ராபின்சனும் அவர்கள் சகாக்களும், மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்புக்காக எல்லா ஆய்வுகளையும் திரட்டிக்கொண்டிருந்தார்கள். 2015இல் வந்த பதிப்பில் 45 சோதனைகள். அதில் ஒன்றில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மீதி 44இல் மொத்தம் 67,672 பேர். அந்த ஒன்று நம் நாட்டில் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில், லக்னோவின் ஷாலி அவஸ்தியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் அங்கன்வாடிகள் வழியாக நடத்திய தேவ்தா சோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்தும் குழந்தை இறப்பில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2004 வாக்கில் களவேலை முடிந்த ஆய்வு, 2013இல்தான் லான்செட் மருத்துவ இதழில் அச்சானது. பத்து லட்சம் குழந்தைகளின் தகவல் அத்தனை வருடம் வெளிவராமல் இருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். அந்த இடைவெளியில்தான் பல நாடுகள் பூச்சி மாத்திரைக் கொள்கையை முடிவு செய்தன.

காக்ரேன் முடிவில் தயக்கமே இல்லை. புழு பரவியிருக்கும் பகுதிகளில் சோதிக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுப்பதால் சராசரி ஊட்டச்சத்து நிலை, ஹீமோகுளோபின், அறிவுத்திறன், பள்ளித் தேர்ச்சி, உயிர் பிழைப்பு எதுவும் மேம்படவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் விவியன் வெல்ச் குழு கேம்பெலுக்காகத் தனியாகச் செய்த மீளாய்வும் ஏறக்குறைய அங்கேயேதான் போய் நின்றது.

அந்த 2015 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. லண்டன் குழு ஒன்று கிரெமர், மிகேலின் மூலத் தரவையே வாங்கித் திரும்பக் கணக்குப் போட்டு இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது. தரவை மனமுவந்து கொடுத்தது அந்த இருவர்தான். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். பலன் எத்தனை தூரம் பரவியது என்று கணக்கிட்ட கணினி நிரலில் பிழை இருந்தது தெரியவந்தது. திருத்தியதும், தூரத்துப் பள்ளிகளுக்குப் பரவிய பலன் மங்கியது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வருகை கூடியது என்ற முடிவு மட்டும் நிலைத்தது. பள்ளிகளைப் பிரித்தது சீட்டுக் குலுக்கி அல்ல, அகரவரிசைப் பட்டியலில் மூன்றுக்கு ஒன்று என்று எண்ணி. யாருக்கு மாத்திரை கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாத்திரையோடு கை கழுவு, செருப்புப் போடு என்ற பாடமும் நடந்தது. இதெல்லாம் அப்போது மறுபடி பேச்சுக்கு வந்தது. ட்விட்டரில் பொருளாதாரக்காரர்களும் தொற்றுநோய் ஆய்வாளர்களும் கட்டிப் புரண்டார்கள். புழுச் சண்டை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மாதக்கணக்கில் வேடிக்கை பார்த்தேன். பாதிப் பேர் மீளாய்வின் கடைசி இரண்டு வரிக்கு மேல் போகவில்லை என்பது வாதங்களிலேயே தெரிந்தது.

எனக்கு முக்கியமாகப் பட்ட ஒரு எண் அதே காக்ரேன் மீளாய்வின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. மலத்தைச் சோதித்து, புழு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்த ஆய்வுகள். அவற்றில் எடை சராசரியாக 0.75 கிலோ கூடியிருக்கிறது. சின்ன ஆய்வுகள், ஐந்தே ஐந்து, மொத்தம் 627 பிள்ளைகள். சான்று பலவீனம் என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். இருந்தாலும் முக்கால் கிலோ என்பது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு லேசான விஷயம் இல்லை.

இப்போது ஒரு சாதாரணக் கணக்கு. ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள், அதில் 20 பேருக்குத்தான் புழு. அந்த 20 பேருக்கும் தலைக்கு 0.75 கிலோ கூடினால் மொத்தம் 15 கிலோ. அதை 100 பேருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 0.15 கிலோ, அதாவது 150 கிராம். காலையில் குடித்த தண்ணீரின் எடைகூட அதைவிட அதிகம் இருக்கும். அதைப் பிடிக்கிற அளவுக்குப் பெரிய ஆய்வு நடத்தாவிட்டால் முடிவு "பலன் இல்லை" என்றே வரும். 2016இல் கெவின் குரோக்கும் மிகேலும் கிரெமரும் மற்றவர்களும் சேர்ந்து இதைத்தான் வாதமாக வைத்தார்கள்: காக்ரேன் சேர்க்காத தரவையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி எடை 0.13 கிலோ கூடுகிறது, முந்தைய மீளாய்வுக்கு அதைக் கண்டுபிடிக்கும் புள்ளியியல் பலம் போதவில்லை என்றார்கள். என் நூறு பிள்ளைக் கணக்கும் அவர்கள் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வருவது தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து நான் வழக்காட மாட்டேன். ஆனால் ஒன்று தெளிவு. 150 கிராம் என்று பார்த்தால் அற்பம். இருபது பிள்ளைகளுக்கு முக்கால் கிலோ என்று பார்த்தால் ஒரு திட்டம் நடத்தக் காரணம். இரண்டும் ஒரே பள்ளியின் ஒரே கணக்கு.

மீளாய்வை வைத்துக் கொள்கை வகுப்பவர்கள் சறுக்குகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். மீளாய்வு தருவது சராசரி. அந்தச் சராசரிக்குள் யார் யார் இருந்தார்கள், எத்தனை பேருக்கு நோய், எந்தப் புழு, எந்த ஊர் என்பதெல்லாம் உள்ளே அட்டவணைகளில் கிடக்கும். அந்த மீளாய்விலேயே, புழு மிக அதிகமாக இருந்த கென்யப் பகுதி ஒன்றில் நடந்த இரண்டு பழைய ஆய்வுகள் பெரிய பலனைக் காட்டியதாகவும், மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்றும் இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் படிக்கிற அதிகாரி இதைப் பார்க்க மாட்டார். அட்டவணை வரை போகிறவர், தன் மாவட்டம் அந்தக் கென்யப் பகுதி போலவா, இல்லையா என்றுதான் முதலில் கேட்பார்.

"அப்படியென்றால் சோதித்துவிட்டு, புழு இருக்கிற பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். செலவு இடிக்கிறது. மலத்தைச் சேகரித்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் முட்டை எண்ணுவது மாத்திரையைவிடப் பல மடங்கு விலை. மாத்திரையோ பாதுகாப்பானது, சில்லறைக் காசில் முடிந்துவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லாமல், ஒரு பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் தொற்று இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, 50 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டு முறை என்று விதி வைத்திருக்கிறது. ஆக, காக்ரேன் பலன் கண்ட சிகிச்சையை அப்படியே பள்ளிகளில் நடத்த முடியாது. பள்ளிகளில் நடத்த முடிந்ததற்குச் சராசரிப் பலன் தெரியவில்லை. இந்த இடுக்கில்தான் துறைச் செயலாளர் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கிவ்வெல் என்ற அமெரிக்க அமைப்பு இந்த இடுக்கை எப்படிச் சமாளித்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தால் பலன் அதிகம் என்று மதிப்பிடுவது அவர்கள் வேலை. பூச்சி மாத்திரையால் பெரிய பலன் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம், இல்லாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்று 2016இல் வெளிப்படையாக எழுதினார்கள். பலனைக் கணக்கிடும்போது பெரும் தள்ளுபடி போட்டார்கள். தள்ளுபடி போன பிறகும், மாத்திரையின் விலை அவ்வளவு குறைவு என்பதால் பரிந்துரையில் வைத்தார்கள். ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை, ஆனால் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது.

கென்யப் பிள்ளைகளின் கதையும் முடியவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை கிடைத்தவர்களை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் போய்ப் பார்த்ததில், அவர்கள் வீட்டுச் செலவு 14 சதவீதமும் மணிக்கூலி 13 சதவீதமும் கூடுதலாக இருந்ததாக 2021இல் ஒரு கட்டுரை வந்தது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரே மாவட்டம், பத்துக்கு ஒன்பது பேருக்குப் புழு இருந்த மாவட்டம். அதை எடுத்து வந்து மதுரை மாநகராட்சிப் பள்ளிச் சுவரில் ஒட்ட முடியாது.

ஆகவே அக்காவுக்கு நான் சொல்ல வந்தது இது. மாத்திரையைக் கொடு, வாயைத் திறந்தும் பார். புழு இருக்கிற பிள்ளைக்கு அது நல்லதுதான், இல்லாத பிள்ளைக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. போஸ்டரில் இருக்கிற "படிப்பில் கவனம்" வரியை மட்டும் பெற்றோரிடம் சத்தியம் செய்யாதே. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் முட்டையும் தனியாக வேண்டும். குடற்புழு நாளில் இத்தனை லட்சம் பேருக்குக் கொடுத்தோம் என்ற புள்ளிவிவரம் வந்ததும் அந்த வேலையும் முடிந்ததாக யாரும் கோப்பை மூடக் கூடாது. விழுங்கப்பட்ட மாத்திரையை எண்ணுவது சுலபம் என்பதால் அதையே சாதனையாக எண்ணும் பழக்கம் எல்லா நலத்துறைகளிலும் இருக்கிறது.

நம் மாநிலத்துக்கு மீளாய்வுகளால் மட்டும் தீராத ஒரு கேள்வியும் உண்டு. கொக்கிப் புழு வெறுங்காலில் மண் வழியாக ஏறுவது. அது பள்ளிப் பிள்ளைகளைவிட வயலில் வேலை செய்யும் பெரியவர்களிடம்தான் அதிகம் தங்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழு திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் இதைத்தான் சோதித்தது. பெனின், மலாவியோடு சேர்ந்து நடந்த டிவார்ம்3 ஆய்வில், இங்கே 40 ஊர்த்தொகுதிகளைப் பிரித்து, பாதியில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை மூன்று ஆண்டுகள் மாத்திரை. மீதிப் பாதியில் வழக்கமான பள்ளி மாத்திரை மட்டும். தமிழ்நாட்டில் இப்போது குடற்புழு நாளில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, மாத்திரை தருகிறார்கள். வயலில் களையெடுப்பவர்களில் முப்பதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். ஆண்களும் இந்தப் பட்டியலில் இல்லை. வட்டாரத்துக்குச் சில பள்ளி, சில தெரு என்று எடுத்து மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மலச் சோதனை நடத்தினால், எந்த வட்டாரத்தில் பள்ளி மாத்திரையை நிறுத்தலாம், எங்கே பெரியவர்களுக்கும் நீட்ட வேண்டும் என்று சொல்லிவிடலாம். எல்லாப் பிள்ளையையும் சோதிக்கிற செலவு இதற்கு ஆகாது. மாத்திரை வாங்கும் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கினால் போதும்.